முதலில் மூச்சு இழுப்பவன் டீ வாங்க வேண்டும்

அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்ற என் ஆசை மச்சான் அந்தோணிக்கு,

கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நான் ஃபெயில் ஆனாலும் அந்த ஒரு பாடம் நினைவில் நிற்கிறது. ஆனால் உன்னிடம் எப்படி நலம் கேட்பது? நீ இருக்கிற இடத்தில் இருமல் கிடையாது என்று உங்கள் கோயில் ஃபாதர் சொன்னார். அதுவே எனக்குப் போதும்.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் வீட்டு முருங்கை போன மழைக்காற்றில் ஒரு பக்கமாக ஒடிந்து, இப்போது மறுபடியும் தழைத்திருக்கிறது. உன் வீட்டுக்காரி மேரி பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறாள், கை ஓயாத வேலை. நீ தங்கச்சி என்றே கூப்பிட்ட என் வீட்டுச் சரோஜா, என்னைத் திட்டுகிற வேலையை ஒருநாள்கூட லீவு போடாமல் செய்துவருகிறாள். என் மகள் கவிதா ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவள்தான் போனில் அடிக்கிறாள். நடுவில் என் தமிழைத் திருத்தவும் பார்க்கிறாள்.

"பாதி பாதியா பேசாதப்பா. சென்டன்ஸ முடி."

"உங்க அந்தோணி மாமாவுக்குப் புரியும். நீ அடி."

உன் நினைவு நாள் பூசைக்கு மேரி ஒரு சின்ன நினைவு மலர்ப் புத்தகம் அச்சடிக்கிறாள். அதில் இதைப் போட வேண்டும் என்று கேட்டாள். அப்படியென்றால் ஊரே படிக்கும். படிக்கட்டும். சாயப் பட்டறையில் அண்டா பக்கம் நின்ற எவனாவது நாளைக்கு அந்த ஸ்கேன் மிஷினுக்குள் படுக்க நேர்ந்தால், நான் அடித்த கூத்தை அவன் அடிக்காமல் இருப்பான். அந்த ஒரு புண்ணியமாவது எனக்கு மிஞ்சும்.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

பட்டு நூல் சிட்டங்களை, அதாவது நூல் கத்தைகளை, கோலில் மாட்டிக் கொதிக்கிற சாயத்தில் முக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும். அண்டாவுக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். கோல் இறங்கும்போது குப்பென்று ஆவி எழும்பும். அந்த நேரத்தில் மூச்சை இழுத்தால் தொண்டையிலிருந்து கண் வரைக்கும் எரியும். நெஞ்சு நிறைய மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாலும் ஆகாது, பாதியில் இருமல் வந்து கோல் ஆடிவிடும். கோல் ஆடினால் நூலில் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். அதனால் கோல் இறங்குவதற்கு முன்பே மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, காலி நெஞ்சோடு நிற்க வேண்டும். கோல் மேலே வந்து ஆவி கலைந்த பிறகுதான் இழுக்க வேண்டும். இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. தொண்டை எரிந்து எரிந்து உடம்பே கற்றுக்கொண்டது.

அதிலும் நீ ஒரு பந்தயத்தைக் கொண்டுவந்து நுழைத்தாயே! யார் முதலில் மூச்சு இழுக்கிறானோ அவன் டீ வாங்க வேண்டும். எத்தனை வருஷம் மச்சான் அந்தப் பந்தயம்? நான் ஜெயித்த நாளே கிடையாது. மூச்சை விட்டுவிட்டு நீ அந்தப் பக்கம் சிலை மாதிரி நிற்பாய். பிறகு ஒரு புருவத்தை மட்டும் மெதுவாக மேலே ஏற்றுவாய். அவ்வளவுதான், நான் சிரித்துவிடுவேன். சிரித்தால் இழுக்க வேண்டுமே.

"இன்னா மாமா, நெஞ்சா அது, ஓட்டப் பையா? போ போ, ரெண்டு டீ சொல்லு. எனக்கு சக்கர தூக்கலா."

நான் உனக்கு வாங்கிக் கொடுத்த டீயை எல்லாம் ஊற்றினால் தென்னேரி ஏரி நிரம்பி மதகு திறந்துவிட வேண்டியிருக்கும்.

இருமலிலும் நீதான் எனக்கு முன்னால் போனாய். சாயம் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது என்றாய். நம் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பீடிக்கட்டு இருந்ததை நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சில் புற்று என்றார்கள், கரண்ட் வைத்தார்கள். கடைசி நாள் முடிந்து வந்ததும் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நீ சொன்னது காதிலேயே இருக்கிறது.

"கரண்டு வெச்சாச்சி மாமா. இனிமே ஃப்யூஸ் போனாத்தான் உண்டு."

அதற்குப் பிறகு ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டார்கள். நீ போகவில்லை. அதான் முடிஞ்சிடிச்சே, இன்னும் இன்னாத்துக்கு என்று கேட்டாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சாயம் போட்டு அலசிக் காயப்போட்ட நூலை மறுபடியும் யாராவது அண்டாவில் போடுவார்களா?

கொஞ்ச மாதத்தில் உன்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு வாசற்படியே ஏற முடியவில்லை.

அந்த மத்தியானத்தை நான் எழுதித்தான் ஆக வேண்டுமா? எழுதுகிறேன். நீ கட்டிலில் கிடந்தாய். நான் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன், அண்டாவுக்கு இந்தப் பக்கம் நிற்பது மாதிரி. மேரி உன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ ஒரு மூச்சை விட்டாய், நீளமாக. என்னை அறியாமல் நானும் விட்டேன். விட்டுவிட்டுக் காத்திருந்தேன். நீ இழுப்பாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். புருவம்கூட ஏறவில்லை. என் கண் இருட்டிக்கொண்டு வந்து, கடைசியில் நான்தான் இழுத்தேன்.

அன்றைக்கும் நீயே ஜெயித்தாய்.

நீ போய் ஒரு பொங்கல் தாண்டியதும் எனக்கும் அதே இருமல், அதே ஆஸ்பத்திரி, அதே நோய். எதில்தான் நான் உனக்குப் பின்னால் வராமல் இருந்தேன்? உனக்கு வலது பக்கம், எனக்கு இடது பக்கம். எதிரெதிரே நின்றால் இரண்டும் ஒரே பக்கம்தானே.

எனக்கும் கரண்ட் வைத்தார்கள். அது கரண்ட் இல்லை, கதிர் என்று டாக்டர் பலமுறை சொல்லிவிட்டார். ஊரில் யார் கேட்கிறார்கள்? தெருமுனை டீக்கடைக்காரர் கிளாஸை என் கையில் தராமல் பெஞ்சின்மேல் வைத்தார், ஷாக் அடித்துவிடுமாம். உன் தங்கச்சி என்னை ஃபிரிட்ஜைத் திறக்கவே விடவில்லை. இருப்பதே ஒரு ஃபிரிட்ஜ், அதையும் பொசுக்கிவிடுவேன் என்று பயம். நானும் சும்மா இல்லாமல், கரண்ட் போன ஒரு நாள் வீட்டு ஃபேனைத் தொட்டுவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரத்துல சுத்தும் பாரு" என்றேன். சரோஜா சிரிக்கவில்லை. கவிதா சிரித்தாள், சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

சிகிச்சை முடிந்ததும் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "புற்று சுருங்கியிருக்கு. ஆனா கதிர் போன வழியில நல்ல நுரையீரலும் கொஞ்சம் வெந்திருக்கும். அது ஆறும்போது தழும்பாயிடும். அந்தத் தழும்பு எவ்வளவு, எங்க இருக்கு, நிக்குதா வளருதான்னு நாங்க அளந்துகிட்டே இருக்கணும்."

"டேப்பு வெச்சா சார்?" என்று கேட்டேன். கவிதா என் காலை மிதித்தாள்.

டேப் இல்லை மச்சான். குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளக்கிறார்கள். ஒரு பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டு ஊது ஊது ஊது ஊது என்று கத்துகிறது, கருட சேவைக்கு நாயனம் வாசிக்கிறவர்கூட அப்படி ஊதியிருக்க மாட்டார். அப்புறம்தான் ஸ்கேன். அதை அளக்கத் தனியாக ஒரு அம்மா இருக்கிறார். எங்களைப் போன்ற நோயாளிகள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் அளவு மேடம்.

அவர் கம்ப்யூட்டரில் என் நெஞ்சைக் காட்டினார். அந்தப் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறதாம், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் இருக்கிறதாம். காற்று நிறைந்த இடம் கறுப்பு. சதை இறுகிப்போன இடம் வெள்ளை. கரண்ட் வைப்பதற்கு முன்னால் எடுத்த படத்தையும் பின்னால் எடுத்த படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எங்கே எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். கதிர் எந்த இடத்தில் எவ்வளவு விழுந்தது என்ற கணக்கும் அவரிடம் இருக்கிறது. கதிர் விழுந்த இடத்துக்குள்ளேயே வெள்ளை அடங்கியிருந்தால் அது தழும்பு. அதைத் தாண்டிக் கிளம்பினால் கவலை.

எனக்கு உடனே புரிந்தது. சேம்பிள் துண்டையும் தோய்த்த நூலையும் பக்கத்தில் வைத்து நிறம் பார்க்கிற வேலைதான். என்ன, இங்கே நூல் என் நெஞ்சுக்குள் இருக்கிறது. நிறம் தப்பினால் மறுபடி தோய்க்க முடியாது.

இரண்டு ஸ்கேன் நல்லபடியாகப் போனது. இடது பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு, அதன் ஓரம் கத்தரித்தது மாதிரி நேராக இருந்தது. கதிர் நேராகப் போவதால் தழும்பும் நேராக இருக்கும் என்றார் மேடம். மூன்றாவது தடவை டாக்டர், நெஞ்சுக்குள் கட்டி ஏதாவது முளைக்கிறதா என்று சரியாகப் பார்க்க வேண்டும், ஒரு மருந்து ஏற்றி எடுக்கலாம் என்றார்.

அங்கேதான் கூத்து.

கையில் ஊசி குத்தி, என்னை மேஜையில் படுக்கவைத்து மிஷினுக்குள் தள்ளினார்கள். உடம்பு கொஞ்சம் சூடாகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கொஞ்சமா அது? தொண்டையில் கிளம்பி நெஞ்சு வழியாக இறங்கி அடிவயிறு வரைக்கும் குபுகுபுவென்று சூடு. ஒன்றுக்குப் போய்விட்டேனோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. அந்த நேரம் பார்த்து மிஷினுக்குள்ளிருந்து ஒரு குரல் மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்னது. காதில் தெளிவாகத்தான் விழுந்தது. ஆனால் சூடு நெஞ்சுக்கு வந்துவிட்டதே. உடம்பு என்னைக் கேட்கவில்லை. இருக்கிற மூச்சை எல்லாம் வெளியே விட்டுவிட்டு, காலி நெஞ்சோடு அசையாமல் கிடந்தேன். நன்றாகப் பிடித்தோம் என்று மனதுக்குள் பெருமை வேறு.

ஒரு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தின படத்தோட பார்த்தா நிறைய வெளுத்திருக்கு. நோய் திரும்பியிருக்கலாம்னு சந்தேகப்படறேன். ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும்."

"ஊசி விட்டா ஒண்ணும் ஆகாதே சார்?" என்று கவிதா கேட்டாள்.

"ஏற்கெனவே வெந்த நுரையீரல். ஓட்டை விழுந்து காத்து இறங்கிப்போற அபாயம் உண்டு. ஆனா பார்க்காம விடவும் முடியாது. அளவு எடுக்கிற மேடம் கணக்கையும் பார்த்துட்டுத் தேதி சொல்றேன்."

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தாள் கவிதா. சின்ன வயதில் அந்த இடத்துக்கு என்னோடு எவ்வளவு சண்டை போட்டிருக்கிறாள்! அப்போதுதான் மச்சான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

சரோஜா அன்றைக்கு என்னைத் திட்டவே இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது. மேரி வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், நேராகக் கோயிலுக்குப் போய்விட்டாள். நான் வாழ்ந்தது போதும் என்று வாயால் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இல்லை. போதவில்லை மச்சான். கவிதாவிடம் இன்னும் எத்தனை திட்டு வாங்க வேண்டியிருக்கிறது!

பிறகு அளவு மேடம் கவிதாவுக்குப் போன் செய்தார். அப்பாவை உடனே அழைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

போனோம். மேடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். "ஐயா, உங்களுக்குக் கதிர் வெச்சது இடது பக்கம். வலது பக்கத்துல படவே இல்ல. ஆனா இந்தப் படத்துல வலது பக்கமும் வெளுத்திருக்கு பாருங்க. ரெண்டு நுரையீரலும் சின்னதா வேற தெரியுது. நிஜத்தச் சொல்லுங்க, உள்ள படுத்திருந்தப்ப மூச்ச எப்படிப் பிடிச்சீங்க?"

"நல்லாத்தான் பிடிச்சேம்மா. இத்தினி வருஷம் அதே வேலதானே."

"என்ன வேலை?"

சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. செய்து காட்டச் சொன்னார். கவிதாவின் குடைதான் கோல். அதன் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து மேஜைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். மேஜைதான் அண்டா. குடை இறங்கியது. நான் மூச்சை விட்டேன், முகத்தைத் திருப்பினேன், நின்றேன். வாசலில் இரண்டு நர்ஸுகள் எட்டிப் பார்த்தார்கள். கவிதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஐயா," என்றார் மேடம், குடையை விடாமல். "இதேதான் உள்ளயும் செஞ்சீங்களா?"

"சூடு வந்துச்சே, அதான்…"

"காத்து இல்லாத நுரையீரல் சுருங்கிப்போய் வெள்ளையாத்தான் தெரியும். நல்ல இடம்கூட வெளுக்கும். நிறைஞ்ச மூச்சுல எடுத்த படத்தையும் காலி மூச்சுல எடுத்ததையும் வெச்சிப் பாத்தா கணக்கு எப்படி வரும்?"

கேட்டதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஈர நூலையும் காய்ந்த நூலையும் பக்கத்தில் வைத்து எவனாவது நிறம் பார்ப்பானா? அப்படிப் பார்த்த புது ஆளை நாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! அந்த முட்டாள்தனத்தை என் நெஞ்சை வைத்து நானே செய்திருக்கிறேன்.

மேடம் என்னைக் கிண்டல் செய்யவில்லை. "இது மட்டுமே காரணம்னு இப்ப சொல்லிட முடியாது. நோயும் இருக்கலாம். மறுபடி எடுத்தாத்தான் தெரியும். முதல்ல மருந்து இல்லாம ஒண்ணு, அப்புறம் மருந்தோட ஒண்ணு. டாக்டர்கிட்ட பேசிட்டேன், அதுவரைக்கும் ஊசி வேணாம்னுட்டார். சூடு வரும்போது மூச்ச இழுக்கப் பழகிக்கினு வாங்க" என்றார். பழகிக்கினு என்று நம் பேச்சிலேயே சொன்னார், நாங்கள் சிரித்துவிட்டோம்.

பழக்கம் வீட்டில் நடந்தது. வாத்தியார் கவிதா. அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குண்டானோடு என் முன்னால் வைப்பாள். "அப்பா, ஆவி வருது. இழு." நான் விடுவேன். "இழுப்பான்னா!" மறுபடியும் விடுவேன். "அய்யோ, இன்னாப்பா நீ! சின்னக் குழந்தகூட இழுக்கும்." உன் தங்கச்சிக்குத் திட்டுகிற வாய் திரும்பிவிட்டது. "முப்பது வருஷமா நான் சொல்றத கேக்காத மனுஷன், இவ சொன்னா கேப்பாரா?" என்றாள்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் அப்போது சிரிப்பாக இல்லை. ஆவி முகத்தில் படும். மூச்சு தானாக வெளியே போகும். அப்புறம் நான் காத்திருப்பேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கண் இருட்டுகிற வரைக்கும் குண்டானுக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு சாயங்காலம் மேரி குஞ்சம் கட்டிய சேலைகளைக் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்தாள். கையில் பட்டு நூல் பிசிறு ஒட்டியிருந்தது. வாசலில் நின்று பார்த்தாள். நான் மூச்சை விட்டு நிற்பதைப் பார்த்தாள், என் பார்வை எங்கே போகிறது என்று பார்த்தாள். நம் டீப் பந்தயம் அவளுக்குத் தெரியாதா? உனக்குச் சக்கரை ஏறியதே என் டீயால்தான் என்று என்னோடு எவ்வளவு சண்டை போட்டிருக்கிறாள்.

உள்ளே வந்து குண்டானுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அண்ணே, யாருக்காகப் பாத்துக்கினு இருக்கே? அவரு இழுக்க மாட்டாருண்ணே. அவரு ஜெயிச்சிட்டாரு. நீ இழு."

இழுத்தேன் மச்சான். ஆவியோடு சேர்த்து நெஞ்சு கொள்ளுகிற மட்டும் இழுத்தேன். இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆவியில் வந்த தண்ணீர் என்றுதான் கவிதாவிடம் சொன்னேன். அவள் இப்போது இதை அடிக்கும்போது என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

திரும்ப ஸ்கேனுக்குப் போன அன்று மேடம் கண்ணாடி அறைக்குள் வந்து நின்றார். மருந்து இல்லாத படம் சுலபமாக முடிந்தது. பிறகு மருந்து ஏறியது. தொண்டையில் சூடு, நெஞ்சில் சூடு. குரல் இழுக்கச் சொன்னது. மிஷினின் வளையத்துக்கு அந்தப் பக்கம் நீ நிற்கிறாய். சிலை மாதிரி நிற்கிறாய். புருவம் ஏறப் போகிறது.

நான் முதலில் இழுத்தேன். உன்னைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன், பிடித்தேன்.

வெளியே வந்ததும் மேடம் கட்டை விரலைக் காட்டினார்.

அளந்து சொல்ல நாளானது. டாக்டர் இந்தத் தடவை படத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். வலது பக்கம் நல்ல கறுப்பு. இடது பக்கம் பழைய வெள்ளைத் திட்டு, அதே நேர் ஓரம், அதே இடம். கதிர் விழுந்த எல்லையைத் தாண்டவில்லை. "தழும்புதான். வளரல. ஊசி வேணாம்" என்றார். கவிதா நன்றி சொல்ல மறந்து அந்த வெள்ளைத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இடம் மறுபடி கறுப்பாகுமா சார்?" என்று கேட்டேன்.

"ஆகாதுங்க. அந்தப் பகுதி போனதுதான். மிச்சத்த வெச்சிக்கிட்டு நல்லா இருக்கலாம். ஆனா அளக்கறத விடக்கூடாது. அடுத்த தடவை என்ன சொல்லும்னு இப்பவே என்னால சொல்ல முடியாது."

நேர்மையான பேச்சு. எனக்குப் பிடித்திருந்தது. நெஞ்சில் ஒரு ஓரம் சாயம் ஏறாத நூல் மாதிரி வெள்ளையாகவே இருக்கும். பாலாற்றுப் பாலம் வரைக்கும் நடந்தால் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்கிறேன். வேடிக்கை பார்க்க நின்ற மாதிரி நடிக்கிறேன். எதிரே வருகிறவர்கள் நம்புவது மாதிரி நடிக்கிறார்கள்.

மேரியிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள், கர்த்தருக்கு நன்றி சொன்னாள். கொஞ்ச நேரம் குஞ்சத்தை முடிந்துகொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அண்ணே, அவருக்கும் வெறும் தழும்பாவே இருந்திருக்குமா?"

நான் என்ன சொல்ல? உனக்கு மூச்சு அடைத்தது எதனால், வெந்த சதையாலா, திரும்பி வந்த நோயாலா? தெரிந்திருந்தால் நீ இருந்திருப்பாயா? உன் நெஞ்சின் வெள்ளையை யாரும் அளக்கவில்லை மச்சான். ஒருவேளை அளந்திருந்தாலும் நீ இதே இடத்தில்தான் இருந்திருப்பாயோ என்னவோ. முருங்கையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். உனக்கு இப்போது தெரிந்திருந்தால் என் கனவில் வந்தாவது சொல். எனக்காக இல்லை, அவளுக்காக.

பட்டறைக்காரர்களே, இது உங்களுக்கு. கூப்பிட்ட தேதிக்குப் போங்கள். மிஷினுக்குள் சூடு வந்தால் அது அண்டா இல்லை. இழுங்கள்.

மச்சான், உனக்கு ஒரு வார்த்தை தருகிறேன். இனி அந்த மிஷினுக்குள் எத்தனை தடவை படுத்தாலும், நீ இழுக்கட்டும் என்று நான் காத்திருக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நானே முதலில் இழுப்பேன், ஒவ்வொரு தடவையும் உன்னிடம் தோற்பேன். தோற்றவன் டீ வாங்க வேண்டும் அல்லவா? ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசல் கடையில் இரண்டு டீ சொல்வேன். ஒன்று எனக்கு. இன்னொன்று, சக்கரை தூக்கலாக, வெளி பெஞ்சில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற எவனுக்காவது. போன தடவை ஒருத்தருக்குக் கொடுத்தேன். எனக்கு எதற்கு சார் டீ என்று கேட்டார். என் மச்சானோடு ஒரு பந்தயம், நான் தோற்றுவிட்டேன் என்றேன்.

தோற்றுக்கொண்டே இருக்க ஆசைப்படும்,
அண்டாவுக்கு இந்தப் பக்கத்து உன் மாமன்,
ஓட்டைப் பை நெஞ்சுக்காரன்
வரதன்